இடது பின்னங்கால்

அவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி எழுதுகிறபோது எங்கள் ஊரில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பேனையைத் திறப்பார்கள். எனக்கோ அவரை நினைத்தால் இன்றைக்கும் காதுதான் முதலில் சூடாகிறது.

அதோடு அவர் எனக்கு ஒரு வியாதியையும் விட்டுப் போயிருக்கிறார். பஸ் உலுக்கிக்கொண்டு புறப்பட்டால் எனக்குக் கோபம் வரும். கூட்டத்தில் தலைவர் எழும்பின உடனேயே உச்சத்தொனியில் தொடங்கினால் கோபம் வரும். கலியாண வீட்டில் யாராவது "கெதியாய், கெதியாய்" என்று கத்தினால் தாலி கட்டும் முன்பே எழும்பி வந்துவிடலாமா என்றிருக்கும். மற்றவர்களுக்கு நல்ல மனிதர்களிடமிருந்து நல்ல பழக்கங்கள் தொற்றுகின்றன. என்னுடைய ராசி இப்படி.

ஊரில் அவருக்குப் பெயர் பென்சனியர். மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்கள் அந்தக் காலத்தில் எங்கள் வலிகாமப் பகுதியில் ஒழுங்கைக்கு ஒருவர் இருந்தார்கள். மற்றப் பென்சனியர்கள் சுவர் மணிக்கூடும், வெள்ளிப்பூண் போட்ட பிரம்பும், எதையும் "அங்கை இப்பிடியில்லை" என்று தொடங்குகிற வாயும் கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு குதிரைச் சேணமும் தீராத கோபமும். அங்கே குதிரைப் பந்தயத் திடல் ஒன்றில் கிளாக்கராக இருந்தாராம். கந்தோர் திறக்கும் முன், விடியப்புறத்தில், பந்தயக் குதிரை பழக்குகிற வெள்ளைக்காரனிடம் ஏச்சு வாங்கி வாங்கித் தானும் குதிரை பழக்கப் பழகிக்கொண்டார். பழக்கத்தைவிட ஏச்சுத்தான் கூடுதலாக ஒட்டியிருந்தது.

வந்த புதிதிலேயே ஒரு பழுப்பு நிறப் பெட்டைக் குதிரையை வாங்கினார். பட்டணத்து டாக்குத்தர் ஒருவர் மோட்டார்க் கார் எடுத்தபின் வேண்டாமென்று விட்ட வண்டில் குதிரை அது. தனி ஆள். தானே சமைத்துச் சாப்பிட்டு, தானே லாயம் கூட்டி, யாரும் குற்றம் செய்யாத நேரத்தில் தன்னையே ஏசிக்கொண்டு இருந்தார்.

அவருடைய தோட்டத் தறைக்கு ஒருபக்கம் நான் படிப்பித்த பள்ளிக்கூடம், மறுபக்கம் கோயிலின் வடக்கு வீதி. இரண்டு பக்கமும் பனையோலை வேலிதான். ஆள் குதிரையில் ஏறினால் பாதி உடம்பு வேலிக்கு மேலே நிற்கும். ஆகவே கல்வியும் சமயமும் அவருடைய கண்காணிப்பில் நடந்துகொண்டிருந்தன.

ஒருநாள் நான் பிரம்பும் கையுமாக ஒரு பெடியனை நிறுத்தி வைத்து, ஏழாம் வாய்ப்பாட்டில் நடுவிலிருந்து ஒரு கேள்வியைப் படாரென்று கேட்டேன். அவன் விழித்தான். இன்னொருமுறை, இன்னும் உரத்துக் கேட்டேன். வேலிக்கு மேலால் ஒரு குரல் வந்தது.

"ஏன்ரா வாத்தி, உவன் செவிடனோ?"

"இல்லை ஐயா."

"அப்ப ஏன் ரெண்டுதரம் கேக்கிறாய்? முதல்தரம் கேக்க முந்தி அவனை ஆயத்தப்படுத்தினியோ? கேட்டாப் பிறகு பொறுத்தியோ? உவன் குதிரையெண்டால் இப்ப நீ அந்தக் கிணத்தடியிலை கிடப்பாய்."

முழு வகுப்பும் சிரித்தது. வாய்ப்பாடு தெரியாதவன்தான் பலமாகச் சிரித்தான். நான் அன்றிலிருந்து அவரை வெறுக்கத் தொடங்கினேன், மிகவும் ஆயத்தத்தோடு.

ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. என்னுடைய மேசை அந்தப் பக்கம் பார்த்துத்தான் இருந்தது.

குதிரைக்கு நடை உண்டு, துள்ளோட்டம் உண்டு, நாலுகால் பாய்ச்சல் உண்டு. துள்ளோட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் நடுவில் கன்ரர் என்று ஒன்று உண்டு என்பது அவர் கத்திக் கத்தித்தான் எனக்குத் தெரியவந்தது. மூன்று தட்டாய் விழுகிற ஓட்டம். ஏறியிருப்பவனை ஏணையில் போட்டு ஆட்டினது போல இருக்குமாம். அந்தப் பெட்டைக் குதிரைக்கு அது வராது. வண்டில் இழுத்த உடம்பு. "போ" என்றால் துள்ளோட்டத்தையே கெதியாக்கும், இன்னும் கெதியாக்கும், தையல் மிசின் மாதிரி அடித்துக்கொண்டு போகும். கடைசியில் தலையைக் கீழே போட்டு, முன்னங்காலில் முழுப் பாரமும் விழ, தடுமாறிக்கொண்டு பாய்ச்சலில் விழும். பார்க்கிற எங்களுக்கு அது ஓட்டம். அவருக்கு அது மானக்கேடு.

சவாரி மாடு ஓட்டுகிற ஒருவர் வேலிக்கு வெளியே நின்று புத்தி சொன்னார். "அண்ணை, துவரங்கம்பிலை ஒரு ஆணி அடிச்சு, பின்னுக்கு ஒண்டு வையுங்கோ. பறக்கும்."

"உனக்கு வைச்சால் நீயும் பறப்பாய். வா, வைச்சுப் பாப்பம்."

அந்த மனிதர் அதற்குப் பிறகு தன் மாடுகளை வேறு ஒழுங்கையால் கொண்டுபோனார்.

பென்சனியர் செய்தது வேறு. குதிரையை ஓட்டவே மாட்டார். நடக்க வைப்பார். நடையைச் சுருக்குவார், இன்னும் சுருக்குவார், ஆனால் நிற்க விடமாட்டார். அதன் பாரம் முன்னாலிருந்து மெல்லப் பின்னுக்குப் போய், பின்தொடைகள் இரண்டும் ஒடுங்கிய வில் மாதிரி ஆகும். தறையின் மூலை வரும். அப்போது தன் இடது காலைச் சற்றுப் பின்னுக்கு வைத்து ஒருமுறை கேட்பார். ஒரேயொருமுறை. கேட்டுவிட்டுப் பொறுப்பார். குதிரை பதறித் துள்ளோட்டத்தில் போனால் துரத்த மாட்டார், அடிக்க மாட்டார். திரும்பவும் நடைக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து தொடங்குவார். அந்த நேரம் முழுக்க மலாய் மொழியில் தாலாட்டு மாதிரி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார். மலாயாவிலிருந்து லீவில் வந்த ஒருவர் அதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "ஐயோ, உதெல்லாம் தூஷணம்" என்று காதைப் பொத்திக்கொண்டு போனார்.

மாதக்கணக்காக இது நடந்தது. ஒருநாள் நான் கரும்பலகையில் நதிகளை எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே சத்தம் மாறிற்று. திரும்பிப் பார்த்தேன். பெட்டைக் குதிரை மூலையில் இருந்தபடியே முன்பக்கம் எழும்பி, அலை கரையேறுவது போல ஓடியது. அவசரமில்லை, தடுமாற்றமில்லை. சோக்கட்டியை வைத்துவிட்டு வேலியடிக்குப் போனேன்.

"வந்திட்டுது ஐயா!"

"நீ என்ன பாத்தனி?"

"முன்னங்கால் எழும்பினதைப் பாத்தன்."

"குருடா. முன்னங்கால் கடைசி. வலப்பக்கம் வளையிற குதிரைக்கு முதல் வாறது இடது பின்னங்கால். உந்த ஊரிலை எல்லாரும் முன்னுக்கு என்ன நடக்குதெண்டுதான் பாக்கிறியள். பின்னுக்கு ஆர் தொடங்கினவன் எண்டு ஒருத்தனும் பாக்கிறேல்லை."

சந்தோஷப்பட வேண்டிய நாளில்கூட ஆள் அப்படித்தான்.

இனி அத்தானின் கதைக்கு வரவேண்டும். அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். புகையிலைத் தோட்டக்காரர், அதிகம் கதைக்காதவர். கோயில் வேட்டைத் திருவிழாவில் சுவாமி குதிரை வாகனத்தில் வெளிவீதி வரும். எட்டுப் பேர் தண்டில் தோள் கொடுப்போம். அந்த வருடம் அத்தான் முன்வரிசையில், நான் பின்வரிசையில் இடது ஓரம். நான் பக்தியால் அந்த இடத்துக்கு வரவில்லை. உயரம் மட்டும் இருந்தது. அகலம் இல்லாதபடியால் ஓரம் தந்தார்கள்.

மேற்கு வீதி முடிகிற மூலையில் மேளம் தாளத்தை மாற்றும். அதுதான் குதிரை பாய்கிற இடம். தவில் அதிர்ந்த உடனே கோயில் மனேச்சர், "ஓடுங்கோடா! அரோகரா!" என்று கத்துவார். முன்னுக்கு நிற்கிறவர்கள் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். பின்னுக்கு நிற்கிற நாங்கள் இழுபட்டுக்கொண்டு போவோம். வாகனம் மூக்குக் குத்திக்கொண்டு மூலையில் திரும்பும். வருஷா வருஷம் அப்படித்தான், வருஷா வருஷம் யாருக்காவது தோள் வீங்கும். அந்த முறை குதிரை குத்தினது குத்தினதுதான், எழும்பவில்லை. அத்தான் தடுக்கி விழ, தண்டு அவருடைய காலின்மேல் வந்தது. அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

முறிவு வைத்தியர் பத்துப் போட்டுக் கட்டினார். கால் பொருந்தியது, கட்டையாக. தடி இல்லாமல் அவரால் கிணற்றடிக்கும் போக முடியாது.

அது போதாதா? போதாது. மறுநாளே மனேச்சர் சொன்னார்: "கொடி ஏறினால் மச்சம் மாமிசம் தொடக்கூடாது. ஆரோ திண்டிருக்கிறான். ஆர் விழுந்தவனோ அவன்தான்." அதற்குச் சாட்சியும் கிடைத்தது. குருநகரிலிருந்து மீன் கூடையோடு வருகிற மனுஷி ஒருத்தி திருவிழா நாளில் அக்கா வீட்டுப் படலையில் நின்றதை யாரோ கண்டார்களாம். அவள் நின்றது உண்மை. குடிக்கத் தண்ணீர் கேட்டு நின்றாள். அக்கா கொடுத்தாள். அவ்வளவுதான்.

"ஒரு நெத்தலி கூட அவர் தொடேல்லை, தம்பி," என்று அக்கா எனக்குச் சொன்னாள். ஒவ்வொரு கிழமையும் சொன்னாள், நான் நம்பாதவன் போல.

மூன்றாம் திருவிழா அத்தான் பகுதியாரின் உபயம். தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் செய்துவந்த திருவிழா. அதை எடுத்து மனேச்சர் தன் மைத்துனருக்குக் கொடுத்தார். ஊரில் நடந்த சாமத்தியச் சடங்கு ஒன்றுக்கும் அக்காவை யாரும் கூப்பிடவில்லை. கால் போன மனிதர் கால் போனதற்காகக் குற்றவாளியாகி வீட்டு வாசலில் குந்திக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் என்னுடைய கோபம் அந்தப் பெட்டைக் குதிரையின் பழைய துள்ளோட்டம் மாதிரி. உள்ளுக்குள் கெதியாக அடித்துக்கொண்டே இருக்கும், பாயாது. மனேச்சரை வீதியில் கண்டால், "சுகமாய் இருக்கிறியளோ?" என்றுதான் வாய் கேட்கும்.

பென்சனியர் அந்த விபத்தை வேலிக்கு மேலால் முழுதாகப் பார்த்தவர். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டபின் என்னைக் கூப்பிட்டார்.

"வாத்தி, மீனாலை விழுந்ததெண்டு கதைக்கிறாங்கள். நீயும் அப்பிடித்தான் நினைக்கிறியோ?"

"இல்லை. ஆனால் நான் என்ன செய்ய..."

"மீனுமில்லை, மண்ணுமில்லை. முன்னுக்கு நிண்ட விசரங்கள் இழுத்தவங்கள். பின்னுக்கு நிண்ட நீ நித்திரை. பாரம் முழுக்க முன்னுக்கு. உயிருள்ள குதிரையே உப்பிடித் தொடங்கினால் மூக்குக் குத்தும். மரக்குதிரை என்ன செய்யும்? நாளைக்கு உன்ரை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா."

"எதுக்கு?"

"பழக."

சுவாமி தூக்கப் பழகுவதா? ஊரில் அப்படி ஒரு பேச்சே கிடையாது. சுவாமியைத் தூக்குகிறவன் சும்மா போய்த் தோள் கொடுக்க வேண்டும், மிச்சத்தைச் சுவாமி பார்க்கும் என்பதுதான் எங்கள் ஏற்பாடு. சுவாமி அத்தானின் காலைப் பார்க்கவில்லை என்ற விஷயம் எல்லாருக்கும் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக, மற்றவர் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டு, அத்தானின் இடத்துக்குச் சேர்ந்த ஒருவரோடு எட்டுப் பேரும் வந்து சேர்ந்தோம்.

இரண்டு பனந்தண்டுகளைப் பூட்டி நடுவில் ஒரு பீப்பாவை வைத்துக் கட்டியிருந்தார். வாய் திறந்த பீப்பா, நிறையத் தண்ணீர். "தூக்குங்கோ. தண்ணி ஆருக்கு மேலை ஊத்துப்படுதோ அவன் பிழை விட்டவன்."

முதல்நாள் எட்டுப் பேரும் முழுகினோம். பென்சனியர் குதிரையின் மேல் இருந்துகொண்டு எங்களைச் சுற்றி வந்து ஏசினார். மாடுகள், எருமைகள், பிறகு மலாய். "நடையைச் சுருக்கு! நிக்காதை! நிக்கச் சொன்னனானோ? சுருக்கெண்டனான். முன்னுக்கு நிக்கிறவன் ஓடக்கூடாது, தூக்கவேணும். வாத்தி, நீதான் இடது பின்னங்கால். நீ கால் எடுத்து வைக்காமல் ஒருத்தனும் அசையக்கூடாது. உன்ரை வாழ்க்கையிலை ஒருக்கால் எண்டாலும் நீ தொடங்கு."

சுருங்கிய நடை. நான் ஒரு எட்டு வைக்க, மற்றப் பின்வரிசை தள்ள, முன்வரிசை மேலே தூக்கிக்கொண்டு போகவேண்டும். கேட்கச் சுலபம். நான் கால் எடுத்து வைப்பதற்குள் ஒவ்வொரு முறையும் யோசித்தேன். யோசித்த நேரத்தில் தண்ணீர் என் பிடரியில் இறங்கியது.

கிழமைகள் போயின. ஒரு பின்னேரம் பீப்பா எழும்பிப் போய் மூலையில் திரும்பியது, ஒரு சொட்டும் சிந்தவில்லை. நாங்கள் சத்தம் போட்டோம். அந்தச் சத்தம்தான் மனேச்சரை வேலியடிக்குக் கொண்டுவந்தது.

"என்ன கூத்திது? சாமியைப் பீப்பாவாக்கிப் போட்டியளோ?"

"பீப்பா விழேல்லை," என்றார் பென்சனியர். "உம்மடை சாமியைத்தான் நீர் விழுத்தினீர்."

"தோல் சேணத்திலை இருந்துகொண்டு கோயில் விஷயம் கதைக்கிறீரோ? மலாயாவிலை என்னென்ன திண்டீர் எண்டு ஊருக்குத் தெரியும். நீர் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது!"

"நான் எப்ப வந்தனான், இப்ப வராமல் விட?"

மனேச்சர் எங்களையும் மாற்றியிருப்பார். ஆனால் அத்தானின் காலைக் கண்ட பிறகு முன்தண்டுக்கு வேறு ஒருவரும் தோள் தரவில்லை. அதனால் விட்டார்.

வேட்டைத் திருவிழாவுக்கு முதல்நாள் மத்தியானம் பென்சனியர் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார். உள்ளே போனதும் மணம் மூக்கில் அடித்தது. காலையில் தானே குதிரையில் மயிலிட்டிக்குப் போய் வாங்கி வந்த பாரை மீன். துண்டு துண்டாகப் பொரித்து வாழையிலையில் வைத்திருந்தார்.

"நாளைக்கு குதிரை விழாது," என்றார். "விழாட்டில் மனேச்சர் என்ன சொல்லுவான்?"

நான் யோசித்தேன்.

"யோசியாதை, உனக்கு அது சரிவராது. 'இந்தமுறை எல்லாரும் சுத்தம், அதுதான் விழேல்லை' எண்டு சொல்லுவான். சொன்னானெண்டால் உன்ரை அத்தான் சாகுமட்டும் மீன் திண்டவன்தான். நாளைக்கு நீங்கள் எவ்வளவு திறமாய் ஓடுறியளோ அவ்வளவுக்கு அந்த மனுசன்ரை கழுத்து இறுகும்."

அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. பீப்பாவைத் தூக்கிக்கொண்டு என் அத்தானைத் தூக்குமேடைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

"தண்டு தூக்கிறவன் ஒருத்தன் மீன் திண்டிருக்கவேணும். திண்டும் குதிரை விழக்கூடாது. அதை அவன் எல்லாருக்கும் முன்னாலை சொல்லவேணும்." இலையை என் பக்கம் தள்ளினார். "நான் ஒருக்கால்தான் கேப்பன்."

"சாமி கோவிக்காதோ?"

"என்னைக் கோவிக்கட்டும். எனக்கும் அதோடை கோவம்தான்."

"விழுந்தால்? இன்னொருத்தன்ரை கால்..."

"விழுந்தால் மீனாலை விழாது. நீ பிந்தினால் விழும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் சாப்பிட்டேன். நல்ல பொரியல் என்று சொல்ல ஆசைதான். எனக்கு ருசி தெரியவில்லை. மிளகாய்த்தூள் கூட என்று மட்டும் ஞாபகம்.

மறுநாள் பொழுதுபடுகிற நேரம் குதிரை வாகனம் மேற்கு வீதியால் வந்தது. சாத்துப்படியும் பூமாலையும் எங்கள் தலைக்கு மேலே ஆடின. எதிரே சனம். சனத்துக்குப் பின்னால், வேலி ஓரமாக, தடியை ஊன்றிக்கொண்டு அத்தான். பக்கத்தில் அக்கா.

மூலை வந்தது. தவில் மாறிற்று.

"ஓடுங்கோடா! அரோகரா!" மனேச்சரின் கழுத்து நரம்பு எனக்குத் தெரிந்தது.

எட்டுப் பேரும் ஓடவில்லை. நடையைச் சுருக்கினோம். சனம் ஏன் என்று பார்த்தது. தவில்காரர் இன்னும் பலமாக அடித்தார். "என்னடா நிக்கிறியள்? ஓடுங்கோடா!" சுருக்கினோம். பாரம் முன்னாலிருந்து பின்னுக்கு வந்தது. என் தோளில் சுவாமி முழுவதாக இறங்கி இருப்பது போல் உணர்ந்தேன். அந்தப் பாரத்தில் எனக்கு யோசிக்க இடமே இருக்கவில்லை. காலை எடுத்து வைத்தேன்.

குதிரை எழும்பியது. எத்தனை வருடமாக அந்த வாகனத்தைப் பார்த்திருக்கிறேன், அது குதிரை என்று அன்றுதான் தெரிந்தது. மூன்று தட்டு, மூன்று தட்டு. மூலையில் அலை போலத் திரும்பி வடக்கு வீதியில் போயிற்று. சனம் அரோகரா சொல்ல மறந்துவிட்டது. முன்வரிசையில் நின்ற ஒருவர் அழுதுகொண்டே தூக்கினார்.

வடக்கு வீதியில் வாகனத்தை மரக்கால்களில் இறக்கி வைத்து இளைப்பாறுவது வழக்கம். இறக்கினோம். மனேச்சர் சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"பாத்தியளோ? இந்தமுறை தூக்கின பிள்ளையள் எட்டுப் பேரும் ஒழுங்காய் விரதம் காத்தவை. சுத்தமாய் நிண்டவை. அப்பன் துள்ளி வந்தான். போனமுறை ஏன் விழுந்ததெண்டு இனி ஆருக்கும் சந்தேகம் இருக்கோ?"

கிட்டத்தட்ட அப்படியே, பென்சனியர் குசினியில் சொன்னபடி. சனம் "அரோகரா" என்றது. அத்தான் நிலத்தைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தேன். திரும்பப் பூட்டினேன். மனேச்சர் தொடர்ந்து கதைத்தார். மச்சத்தின் கேடு, விரதத்தின் மகிமை. உள்ளே எனக்குத் தையல் மிசின் ஓடியது. வேலிக்கு மேலால் பழுப்பு நிறக் காதுகள் இரண்டு, அவற்றுக்கு மேலே அந்த மீசை. கத்துவார் என்று காத்திருந்தேன். ஊரிலுள்ள அத்தனை பேரையும் ஏசுகிற மனிதர் அந்த நேரம் வாயே திறக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அவர் கேட்டு முடித்துவிட்டார். இப்போது பொறுத்துக்கொண்டிருந்தார்.

அது விளங்கின உடனே வந்தது.

"நான் நேற்று மீன் சாப்பிட்டனான்."

மனேச்சர் காதில் விழாதவர் போல இருந்தார். நான் இன்னொருமுறை சொல்லவில்லை, வேண்டியிருக்கவில்லை. தவில்காரர் கையை எடுத்துவிட்டார்.

"என்னடா சொல்லுறாய்?"

"பாரை. பொரிச்சது. திண்டிட்டுத்தான் தூக்கினனான். குதிரை விழேல்லை."

மனேச்சரின் மைத்துனர் என் கன்னத்தில் அறைந்தார். இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது அதற்கு நடுவில் ஒரு தடி வந்தது. அத்தான். அவ்வளவு சனத்தையும் விலக்கிக்கொண்டு அந்தக் கட்டைக் காலோடு எப்படி வந்தாரோ தெரியாது.

பின்னுக்கு ஒரு கிழவி உரத்துக் கேட்டாள்: "அப்ப போனமுறை விழுந்தது மீனாலை இல்லையோ?"

அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு யாராலும் திருப்பி உள்ளே தள்ள முடியவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிராயச்சித்தம் செய்தார்கள். எனக்குத் தண்டும் இல்லை, கோயிலும் இல்லை என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தும் துரத்தியிருப்பார்கள், அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மூன்றாம் திருவிழா அத்தானிடம் திரும்பி வந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. முன்பே அங்கேதான் இருந்தது போலக் கொண்டுவந்து வைத்தார்கள். அக்காவைச் சடங்குகளுக்குக் கூப்பிட்டார்கள். குதிரை வாகனம் நடை சுருக்கி எழும்புகிற அழகைப் பார்க்க வெளியூரிலிருந்தும் சனம் வந்தது. "உது என்ரை ஏற்பாடு," என்று மனேச்சர் சாகும்வரை சொன்னார். இதை எழுதுகிற இந்த நேரத்திலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

திருவிழாவுக்கு மறுநாள், வீங்கின கன்னத்தோடு பென்சனியரிடம் போனேன். ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்துத்தான் போனேன். மறைக்க என்ன இருக்கிறது? அவர் பிறஸால் குதிரையின் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

"பிந்திப் போனாய்."

"என்ன?"

"அந்தாளை எவ்வளவு நேரம் கதைக்க விட்டிட்டாய். உன்ரை அத்தான் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறான், நீ அங்கை வாயைத் திறந்து பூட்டிப் பழகிறாய். முதல் சொல்லிலை வந்திருக்க வேணும்."

எனக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. பணிந்து பேசுகிற வாய் அது, "சுகமாய் இருக்கிறியளோ" என்று கேட்கிற வாய். நேரே அவருடைய முகத்துக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். நீர் ஒரு மனிசனோ என்றேன். அறை வாங்கினது நான், ஊரை இழந்தது நான், நீர் வேலிக்கு அங்காலை குதிரையிலை குந்திக்கொண்டிருந்தனீர் என்றேன். ஒருத்தரிலும் ஒரு நல்லது காண உமக்குக் கண் இல்லை, அதுதான் தனியக் கிடந்து சமைக்கிறீர் என்றேன். இன்னும் சொன்னேன். எங்கும் திக்கவில்லை. ஒன்றையும் யோசிக்கவில்லை. முடியும் வரைக்கும் ஒரே ஓட்டமாக வந்தது.

பிறஸ் நின்றுவிட்டிருந்தது. நான் மூச்சு வாங்குகிற வரைக்கும் பொறுத்தார். குதிரையும் என்னைப் பார்த்தது.

"உது சரி," என்றார் பென்சனியர். "உது சரியான காலிலை தொடங்கியிருக்கு."

பிறகு குதிரையின் மறுபக்கத்துக்குப் போனார்.